கோடு நின்ற இடம்

கடைசி போல்ட் மட்டும் அசைவேனா என்று அடம்பிடித்தது. அவர் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஸ்பானரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். வாசலில் வண்டி நின்றது. வண்டிக்குள் அவர் மனைவி இருந்தாள்.

"சார், வேற யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றாள் நர்ஸம்மா.

"முடுக்குனவனே இங்க படுத்திருக்கேன். வேற ஒருத்தன் வந்து என்ன பண்ணுவான்?"

பல் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறை அது. நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாக மாட்டியிருக்க, சட்டம் தரையோடு முடுக்கப்பட்டிருந்தது. வலியோடு வருகிறவர்கள் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டுக்கொள்வது டாக்டருக்கு, அதாவது அவர் மனைவிக்கு, பிடிக்காது. "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி என் தரையைக் கீறிடறாங்க" என்று அவள்தான் முடுக்கச் சொன்னாள். அன்றைக்கு இருந்த வேகத்தில் அவரும் கொஞ்சம் அதிகமாகவே முடுக்கித் தொலைத்திருந்தார்.

மகள் வாசலில் இருந்து உள்ளே வந்தாள். "அப்பா, மேல வீட்டுக்கே கொண்டு போயிடலாம்ப்பா. வண்டிக்காரர் எவ்வளவு நேரம் நிப்பாரு?"

"படி திரும்பற இடத்துல சாய்க்கணும். அவளை யாரும் சாய்க்க வேணாம். அவ இருந்தது பூரா இங்கதான். இங்கதான் வருவா."

மகள் மேலே பேசவில்லை. அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் அல்ல. அவர் இவ்வளவு உறுதியாகப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த வீட்டில் அடம் பிடிக்கும் உத்தியோகம் அம்மாவுடையது. அப்பாவுடையது, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுப்பது.

போல்ட் ஒரு முனகலோடு இளகியது. நாற்காலி வரிசையைச் சுவரோரமாக நகர்த்தினார்கள். டாக்டர் உள்ளே வந்தாள்.

பல் வைத்தியத்துக்கான நாற்காலி, கம்ப்ரஸர் இவற்றை ரிப்பேர் செய்கிற மெக்கானிக்காகத்தான் அவர் முதலில் அந்த வாசலில் ஏறினார். கம்ப்ரஸர் சரியானது. மறுபடி கெட்டது. மறுபடி வந்தார். மூன்றாம் முறை அவள் சொன்னாள்: "அது நல்லாத்தான் ஓடுது. நீங்க எதுக்கு வர்றீங்கன்னு நேரா சொல்லிடுங்க." அதற்கப்புறம் ஊரில் அவருக்குப் பெயர் டாக்டர் வீட்டுக்காரர். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு அவள் கை வாய்க்குள் போய் வந்திருக்கும். அந்த அறைக்குள் நுழைந்ததும் கிராம்பு எண்ணெய் வாசனைக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும் போலிருக்கிறது. சுவரோர நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள். துக்கத்தில் வைத்த கை எது, பழக்கத்தில் வைத்த கை எது என்று பிரிக்க முடியவில்லை. அவள் கட்டிக்கொடுத்த பல்செட்டோடு வந்த ஒருவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவ்வளவு அழுகைக்கும் பல்செட் இம்மி நகரவில்லை. இதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பியும் பார்த்துவிட்டார்.

உள்ளறையில் ஸ்டெரிலைசர் கொதித்துக்கொண்டிருந்தது. காலையில் வந்ததும் ஆயுதங்களைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போடுவது நர்ஸம்மாவின் வழக்கம். இன்றைக்கும் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அணைக்க மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டு வந்து, தலைமாட்டில் நின்றுகொண்டாள்.

டாக்டர் செத்தது வயிற்றில் இருந்த எதனாலோ. என்னவென்று யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்க்க வேண்டும் என்றார்கள். "திறந்து பாத்தா சரியாயிடுமா?" என்று கேட்டாள். சொல்ல முடியாது, ஆனால் என்னவென்று தெரிந்துவிடும் என்றார்கள். "தெரிஞ்சுக்கறது உங்க ஆசை. வயிறு என்னோடது" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கிளினிக்கையும் மூடவில்லை. உட்கார்ந்தபடி பல் பிடுங்கினாள்.

மகளுக்கு அது ஆறவே இல்லை. அவள் குடிதண்ணீர் சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறவள். எதையும் குழாயில் ஊற்றி, நிறம் மாறுகிறதா என்று பார்த்து, முடிவைக் கையில் வாங்கினால்தான் அவளுக்கு மனம் அடங்கும். அம்மாவோடு கொஞ்ச நாள் பேசாமலும் இருந்தாள். பிறகு பேசினாள், ஆனால் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. இப்போது எடுப்பதற்கு ஆள் இல்லை.

சர்வேயர் வந்தபோது அறை நிரம்பியிருந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர்; தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் எது அசல், எது போலி என்று தீர்ப்புச் சொல்கிற குழுவுக்குத் தலைவர். கையில் மலர் வளையம், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. சாவு வீட்டுக்குக்கூட அதை வைத்துவிட்டு வர மனம் வரவில்லை மனிதருக்கு. வளையத்தை வைத்துவிட்டு, டாக்டரின் முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

"போன வாரம் போன்ல பேசினாங்க, சார்" என்றார், டாக்டர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பாமலே. "வைக்கறப்ப குருட்டுக் கொக்குன்னு சொல்லிட்டுத்தான் வச்சாங்க."

"அது திட்டு இல்ல. வீட்ல உங்களுக்கு அதான் பேரு."

சர்வேயர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

இந்த இருவரின் சண்டை ஊருக்கே தெரியும். சண்டைக்குக் காரணம் ஒரு கடித உறை. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஸ்டாம்ப் ஒட்டிப் போட்ட கடிதம் போய்ச் சேர வேண்டிய ஊரின் தபால் ஆபீஸ் வரைக்கும்தான் போகும். அங்கிருந்து அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தர, தெருத் தபால்காரருக்கென்று தனியாகக் கட்டணம். அதற்கென்று தனியாக ஸ்டாம்ப். சில நகரங்களில் தனி ஆட்களே கம்பெனி வைத்து, சொந்தமாக ஸ்டாம்ப் அடித்து, அரசாங்கத்தைவிட மலிவாக வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார்கள். விடுமா அரசாங்கம்? தெருவெல்லாம் தபால் பாதை, அதில் கடிதம் சுமக்கிற உரிமை தனக்குத்தான் என்று சட்டம் போட்டு அவர்களை இழுத்து மூடியது. டாக்டர் அந்தத் தெருத் தபால்காரர்களின் ஸ்டாம்புகளையும், அவை ஒட்டிய உறைகளையும் மட்டும்தான் சேர்த்தாள். ராஜா ராணி தலை போட்டதை யாராவது நீட்டினால், "இதெல்லாம் மாலை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறவங்க. எனக்கு நடந்தவங்கதான் வேணும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்த உறையில் இருந்த ஸ்டாம்ப் கட்டைவிரல் நகத்தளவு. பச்சைத் தாளில் கறுப்பு மை. கொம்பு ஊதிக்கொண்டு நடக்கிற ஓர் ஆள். அதன்மேல் பேனாவால் இழுத்த ஒரு கோடு. பயன்படுத்திவிட்டார்கள், மறுபடி செல்லாது என்பதற்கான கோடு அது. அந்தக் கோடு ஸ்டாம்பின் ஓரம் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. உறையின்மேல் இறங்கவில்லை. வந்தது வினை.

கோடு உறையிலும் விழுந்திருந்தால்தான் ஸ்டாம்பும் உறையும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று சொல்ல முடியும் என்றார் சர்வேயர். எவனோ எங்கிருந்தோ எடுத்த ஸ்டாம்பை ஒரு பழைய உறையில் ஒட்டி விற்றிருக்கலாமே? டாக்டர் விடவில்லை. "தெருவுல நின்னுக்கிட்டு கோடு போடறவன் அடுத்தவன் கடிதத்துல எதுக்குய்யா கிறுக்கறான்? கிறுக்கினா நாளைக்கு யாரு அவன்கிட்ட கடிதம் குடுப்பா?" அதற்கும் சர்வேயரிடம் ஒரு வழி இருந்தது. ஸ்டாம்பை ஆவியில் காட்டி மெல்லத் தூக்கிப் பார்ப்பது. ஆதியிலிருந்தே ஒட்டியிருந்தால் அடியில் இருக்கிற தாள் வெளிச்சம் படாமல் வெளுப்பாக இருக்கும். பிற்பாடு ஒட்டியதென்றால் சுற்றியிருக்கிற தாளைப் போலவே பழுத்திருக்கும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

"சொத்தை இருக்கான்னு பாக்கறதுக்காக நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்றீங்க" என்றாள் டாக்டர். "நான் பல்லு பிடுங்கறவ. ஸ்டாம்பைப் பிடுங்க மாட்டேன். அது அங்க ஒட்டியிருக்கறதுதான் அதோட மரியாதை. தூக்கிட்டு மறுபடி ஒட்டினா, அப்புறம் அது நீங்க ஒட்டினது."

குழு அந்த உறைக்கு 'ஐயத்துக்குரியது' என்று ஓர் அட்டை எழுதிக் கொடுத்தது. ஒவ்வொரு கண்காட்சியிலும் அவள் அதே உறையை வைப்பாள். அவர்கள் அதே அட்டையைக் குத்துவார்கள். அட்டையைப் படித்துவிட்டு ஜனங்கள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்வார்கள். அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நகர்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கண்காட்சி வருது, சார்" என்றார் சர்வேயர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு முழு அரங்கையே டாக்டர் நினைவா ஒதுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். இதுவரைக்கும் யாருக்கும் பண்ணதில்ல. அவங்க ஸ்டாம்ப் ஆல்பத்துல இருக்கற எல்லாப் பக்கத்தையும் மாட்டறோம்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஒண்ணைத் தவிர."

அவர் பதில் சொல்வதற்குள் மகள் எழுந்து வந்துவிட்டாள். "ஏன்?"

"நினைவு அரங்குல சந்தேகம்னு அட்டை போட்ட சரக்கை வைக்கக் கூடாதும்மா. குழு ஒத்துக்கல. ஆனா சோதிச்சுட்டா, அசல்னு ஆயிட்டா, அதுதான் நடு மையத்துல இருக்கும். நானே என் கையால அட்டையை எடுத்துடுவேன். அவங்க பேர்ல இருக்கற கறை போயிடும் பாருங்க."

"அப்ப சோதிச்சுடலாம்" என்றாள் மகள். "இப்பவே."

"இப்பவா?"

"நாளைக்குன்னா வேற யாராவது எதையாவது சொல்லுவாங்க. உள்ள ஸ்டெரிலைசர் ஓடிக்கிட்டிருக்கு. ஆவி இருக்கு. அப்பா, என்னப்பா?"

அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். அவள் வழக்கம்போல வாயை இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தாள். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவள்.

"அம்மா சொன்னதுதான் சரின்னு இவங்க வாயாலேயே வரணும்ப்பா" என்றாள் மகள். "அந்த அட்டைக்குப் பக்கத்துல அம்மா உக்காந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

அவருக்கும் ஆசை இருந்தது. ஆசை என்பதைவிட அரிப்பு என்று சொல்லலாம். இத்தனை காலமும் மனைவி பக்கமே நின்றார். ஆனால் மனசுக்குள் ஒரு புழு நெளிந்துகொண்டேதான் இருந்தது. ஒருவேளை அவளுக்கே தெரிந்திருந்தால்? தோற்றுவிடுவோம் என்று பயந்துதான் தூக்கிப் பார்க்க விடவில்லையென்றால்? அவள் உயிரோடிருந்தவரை அந்தப் புழுவை அவர் கிட்டே அண்டவிட்டதில்லை. இன்றைக்குப் பார்த்து அது தலையை நீட்டியது. பெண்டாட்டியைக் கிடத்தியிருக்கிற அறையில் நின்றுகொண்டு இப்படியொரு நினைப்பு வருகிறதே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்த வெறுப்பைத் தீர்த்துக்கொள்ளவும் ஒரே வழிதான் தெரிந்தது.

"சரிம்மா" என்றார்.

உள்ளறையில், பழைய எக்ஸ்ரே படங்கள் வைக்கிற இழுப்பறையின் அடியில் உறை இருந்தது. மெல்லிய தாளில் சுற்றி, அதற்கு மேலே குழுவின் அட்டை, அதற்கும் மேலே டாக்டர் கையால் எழுதிய இன்னோர் அட்டை. அட்டைகளை ஒதுக்கிவிட்டு மகள் உறையை எடுத்தாள். அம்மாவின் இடுக்கியை எடுத்தாள். சர்வேயர் பூதக்கண்ணாடியோடு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கிட்ட கொண்டு போகாதீங்கம்மா. ஆவி நனைக்கக் கூடாது, தொட்டுட்டுப் போகணும். அந்த மூலையில காட்டுங்க."

ஸ்டெரிலைசரின் மூடியைத் திறந்தார்கள். ஆவி மேலே வந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உறையைக் காட்டினாள். எடுத்தாள். மறுபடி காட்டினாள். கொம்பு ஊதுகிறவனின் காலடியில் ஸ்டாம்பின் மூலை ஒரு மயிரிழை எழும்பியது.

"எழுந்திரிக்குது" என்றார் சர்வேயர்.

மகள் இடுக்கியின் நுனியை அந்த மூலைக்குக் கொண்டுபோனாள். இரண்டு விரல்களுக்குள் இடுக்கியைப் பிடித்திருந்த பிடி, சுண்டுவிரலைத் தனியாகத் தூக்கி வைத்துக்கொண்ட விதம், தலையைச் சாய்த்த பக்கம், எல்லாம் அவள் அம்மாவுடையது. மகள் தாழ்ந்த குரலில், தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்:

"இதோ... முடிஞ்சிடுச்சு."

பிடுங்கப் போகும்போது டாக்டர் சொல்கிற வார்த்தை அது. கெட்டியாகப் பல்லைப் பிடித்த பிறகு, இழுப்பதற்குச் சற்று முன்னால், "இதோ முடிஞ்சிடுச்சு" என்பாள். உண்மையில் அப்போது முடிந்திருக்காது, அதற்கப்புறம்தான் வலியே. ஆனால் ஒவ்வொருவரும் நம்புவார்கள். அந்த ஒரு கணம் போதும் அவளுக்கு. வாசலறையில் உட்கார்ந்து கதவு வழியாக அந்தக் குரலை டாக்டர் வீட்டுக்காரர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். இனிமேல் கேட்கப்போவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்றைக்கு விளங்கவில்லை, வண்டியிலிருந்து இறக்கும்போதும் விளங்கவில்லை.

"நிறுத்து" என்றார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். அவர் போய் ஸ்டெரிலைசரின் சுவிட்சை அணைத்தார். அவள் கையிலிருந்து உறையை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்கு, பிடுங்கினார்.

"என்னப்பா இது? தூக்கியாச்சு."

"அவ வேணாம்னு சொன்னா."

"அம்மா பேரைக் காப்பாத்தறதுக்குத்தானேப்பா."

"அவ பேரை அவளே காப்பாத்திக்கிட்டா. நாம யாரு?"

மகளின் முகம் கோணியது. "அங்கேயும் பாக்க விடல" என்றாள். "இங்கேயும் பாக்க விடலன்னா எப்படிப்பா? என்னன்னே தெரியாம போயிட்டாங்க. யாராவது கேட்டா என்ன சொல்றது நான்? காலையில இருந்து எல்லாரும் கேக்கறாங்க. என்ன வியாதின்னு கேக்கறாங்க. தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி..."

அவர் மகளின் தலையில் கை வைத்தார். அவருக்கும் அழுகை வந்தது. ஆனால் கையில் உறை இருந்ததால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"தெரியாதுன்னு சொல்லாதே. வேணாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லு. தெரியாமப் போறது வேற, வேணாம்னு சொல்றது வேற. உங்கம்மா தெரியாமப் போகல."

சர்வேயர் தொண்டையைச் செருமினார். "சார், மூலை எழுந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல தானா படிஞ்சிடும். நீங்க பாக்க வேணாம். ரெண்டு பேரும் திரும்பிக்கங்க. நான் ஒரே ஒரு பார்வை..."

"பாத்துட்டு?"

"எனக்குத் தெரிஞ்சா போதும் சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எத்தனை வருஷம் சார். ராத்திரி படுத்தா அந்தக் கோடுதான் வருது."

அவர் சர்வேயரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஸ்டாம்ப் அசலாக இருக்க வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாக ஆசைப்பட்டவர்கூட இவராக இருக்கலாம்.

"அவளோட சண்டை தீரணுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

சர்வேயர் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். பை எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியவில்லை.

மெழுகு அழுத்துகிற சின்னக் கரண்டி ஒன்று தட்டில் இருந்தது. டாக்டர் வீட்டுக்காரர் அதை எடுத்தார். எழும்பிய மூலைக்கடியில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தது. குனிந்தால் தெரியும். வெளுப்பா, பழுப்பா. கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலால் தடவி மூலையைக் கண்டுபிடித்து, கரண்டியால் அழுத்தினார். அழுத்தியபடியே நின்றார். ஈரம் காய்கிறவரை எடுக்கவில்லை.

"பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள்.

"இல்ல."

வண்டிக்காரர் கதவோரம் தலையை நீட்டினார். "ஐயா, நேரமாச்சுங்க."

"ஆகட்டும். இவ்வளவு நாளும் அவளுக்காக எல்லாரும் இந்த ரூம்ல காத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. இன்னும் கொஞ்சம் இருக்கலாம்."

எக்ஸ்ரே பார்க்கிற பழைய பெட்டி ஒன்று மூலையில் கிடந்தது. அதைக் கவிழ்த்து, இரண்டு கண்ணாடித் தகடுகளையும் கழற்றினார். மூலைகளில் ஏற்கெனவே துளை இருந்தது. உறையை நடுவில் வைத்து, கண்ணாடி ஸ்டாம்பின்மேல் படாதபடி மூலைகளில் வாஷர் கொடுத்தார். "அழுத்தம் விழக் கூடாது சார், பசை..." என்று சர்வேயர் தன்னை மறந்து குனிந்தார். "எனக்குத் தெரியும்" என்றார் அவர். உறைக்குக் கீழே குழுவின் அட்டையை வைத்தார். ஐயத்துக்குரியது. அதற்குக் கீழே டாக்டரின் அட்டை. அவள் கையெழுத்து, மருந்துச் சீட்டில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது: ஐயம் உங்களுடையது. உறை என்னுடையது.

மேல் தகட்டை வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கினார். முடுக்கிய பிறகு அரத்தை எடுத்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் ராவ ஆரம்பித்தார். தலை போய்விட்டால் எந்தத் திருப்புளியும் அதைப் பிடிக்காது. கண்ணாடியை உடைத்தால்தான் உண்டு. அரத்தின் சத்தம் வாசலறை வரைக்கும் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கேட்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார்" என்றார் சர்வேயர், மெதுவாக. "இதைக் கண்காட்சியில மாட்ட விட மாட்டாங்க."

"வேணாம். இது இந்த அறையில இருக்கும். மத்த பக்கமும் வராது."

"சார், முழு அரங்கு. அவங்களுக்காக."

"வந்தா எல்லாம் வரும். இல்லன்னா ஒண்ணும் வராது. அவ இல்லாதப்ப அவளைப் பாதி பாதியா எடுத்து அடுக்கறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். குழுவுல போய்ச் சொல்லுங்க, டாக்டர் வீட்டுக்காரர் சொன்னாருன்னு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்க்ரூவுக்கு வந்தபோது அவள் கையை நீட்டினாள். அவர் அரத்தைக் கொடுத்தார். அவள் முதலில் தடுமாறினாள், பிறகு கை பழகியது. ராவி முடித்து, விரலால் தடவிப் பார்த்து, பொடியை ஊதினாள். "இனிமே யாராலேயும் முடியாது" என்றாள். குரலில் அழுகை இருந்தது. ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

டாக்டருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. டாக்டரை அந்தச் சிறிய கதவின் வழியாக வெளியே எடுத்தபோது, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் மகளும் இருந்தார்கள். மற்ற இரண்டு மூலைகளைப் பல்செட்காரரும் சர்வேயரும் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சாய்க்கவில்லை.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். வீடு கழுவிவிட்டதுபோல் இருந்தது. நர்ஸம்மா ஸ்டெரிலைசரில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஆயுதங்களை எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்துத் தட்டில் அடுக்கினாள். மகள் எக்ஸ்ரே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து, காத்திருப்பு அறையில் வெயில் படாத சுவராகப் பார்த்து நிறுத்திப் பிடித்தாள். அவர் ஆணி அடித்தார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள் மகள். "உக்காந்திருக்கறவங்க கண்ணுக்கு நேரா இருக்கணும்."

மாட்டிவிட்டு, மகள் மேலே போனாள். அவர் நாற்காலி வரிசையைப் பழைய இடத்துக்கு இழுத்தார். தனியாக நகரவில்லை. ஒரு கை வந்து மறுமுனையைப் பிடித்தது. சர்வேயர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

இருவரும் சட்டத்தைத் துளைகளுக்கு நேராகப் பொருத்தினார்கள். அவர் தரையில் படுத்து போல்டுகளை ஒவ்வொன்றாக முடுக்க ஆரம்பித்தார். தலைக்கு மேலே நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. சர்வேயர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் படுத்திருந்த இடத்திலிருந்து சர்வேயரின் செருப்பும் முழங்காலும்தான் தெரிந்தன. முணுமுணுப்புக் கேட்டது. தெருவில் நின்றபடி கோடு போட்டானென்றால், கடிதத்தைக் கையில் வைத்துத்தானே போட்டிருப்பான், அப்போது பேனா சறுக்காதா என்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, டாக்டரின் பதிலுக்கு இடம் விடுவதுபோல நிறுத்தினார். பிறகு, "அது எப்படிங்க?" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

கேள்வி அவருக்கானதில்லை. கடைசி போல்டை முடுக்கிவிட்டு, நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சர்வேயர் சுவரில் மாட்டிய உறைக்கு நேராகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பூதக்கண்ணாடி. இன்னொரு கை கன்னத்தில் இருந்தது.